டிஸ்க் தெரிகிறது, டெஸ்க்டாப் வரவில்லை

பவர் பட்டனை அழுத்தினேன். லோகோ வந்தது, மறைந்தது. அடுத்து வட்டமாகச் சுற்றும் புள்ளிகள் வரவேண்டும். வரவில்லை. நேராக பயாஸ் செட்டப் திரை, அதாவது விண்டோஸ் எழும் முன் மதர்போர்டின் செட்டிங்குகளை மாற்றும் திரை, வந்து நின்றது. டெலீட் கீயை நான் தொடவே இல்லை. எதையும் சேமிக்காமல் வெளியேறினேன். ரீஸ்டார்ட் ஆகி மறுபடியும் அதே திரை. நான்காவது முறையும் அங்கேயே வந்து நின்றபோது, இது தானாகச் சரியாகப் போவதில்லை என்று புரிந்துவிட்டது.

முன்கதை கொஞ்சம் உண்டு. இந்த மெஷினை முதலில் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கோடு அசெம்பிள் செய்தேன். பிறகு வேகம் போதாமல் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மதர்போர்டில் சொருகி, அதில் விண்டோஸ் 10-ஐப் புதிதாக இன்ஸ்டால் செய்தேன். பழைய ஹார்ட் டிஸ்க் படங்களையும் பேக்கப்பையும் வைக்கும் கிடங்காக உள்ளேயே இருந்தது. சமீபத்தில் அது 'டக்... டக்...' என்று சத்தம் போட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதிக நாள் தாங்காது. வேண்டியதை எல்லாம் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கேபினட்டைத் திறந்து, அதன் சாட்டா கேபிளையும் (டேட்டா போகும் வயர்) பவர் கேபிளையும் கழற்றி எடுத்துவிட்டேன். உள்ளே சேர்ந்திருந்த தூசியைத் தட்டினேன். வேறு வேலை வந்ததால் இரண்டு நாள் மெஷின் பவர் கேபிள்கூட இல்லாமல் திறந்தபடியே கிடந்தது. மூடி, சொருகி, ஆன் செய்தபோதுதான் இந்தக் கூத்து.

'விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் வெறும் ஃபைல்கள்தான், அதை எடுத்தால் என்ன ஆகிவிடப் போகிறது?' என்பது என் கணக்கு. கோளாறு அந்தக் கணக்கில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. நடுவில் வேறொரு கோளாறு நுழைந்து என்னைத் திசை திருப்பியதுதான் காரணம்.

பயாஸ் திரையின் மேல் மூலையில் தேதி 1 ஜனவரி 2018 என்று காட்டியது. நேரம் பன்னிரண்டைத் தாண்டிச் சில நிமிடம். அதைப் பார்த்ததும் 'ஆகா, பிடித்துவிட்டேன்' என்று நினைத்தேன். மதர்போர்டில் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது செத்தால் கடிகாரம் நின்று, செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். 'செக்சம் தவறு, எஃப்1 அழுத்தி செட்டப்புக்குள் வா' என்று பல போர்டுகள் கேட்கும். சில போர்டுகள் கேட்காமலே உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். என்னுடையது இரண்டாவது ரகம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பேட்டரி உண்மையிலேயே தீர்ந்துதான் போயிருந்தது. அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். சுவரில் சொருகியிருக்கும் வரை பவர் சப்ளையிலிருந்து வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும், பேட்டரிக்கு வேலையே இருக்காது. கேபிளைப் பிடுங்கி இரண்டு நாள் போட்டபோதுதான் வண்டவாளம் வெளியே வந்தது. கம்ப்யூட்டரை இடம் மாற்றியதும் தேதி குழம்பியது என்று பலர் சொல்வதன் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

மாற்றுவது எளிது, ஆனால் அவசரப்பட்டால் கிளிப்பை உடைத்துவிடுவோம். முதலில் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்தாறு நொடி அழுத்திப் பிடித்தேன். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிவதற்கு. ஃபேன் ஒரு கணம் அசைவது போல் துடித்து நின்றது. பேட்டரியைப் பிடித்திருக்கும் உலோக நாக்கு ஒரு ஓரத்தில் இருக்கும். அதைச் சின்ன திருப்புளியின் முனையால் வெளிப்பக்கம் லேசாகத் தள்ளினால் பேட்டரி தானாக எழும்பும். நெம்பக் கூடாது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துப் பார்த்தேன்: 2.3 சொச்சம். நல்ல பேட்டரி 3-க்கு மேல் காட்டும், புதியது 3.2 காட்டியது. புதியதை விளிம்பில் பிடித்து, கூட்டல் குறி மேலே தெரிய வைத்து அழுத்தினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. இரண்டு தட்டையான பக்கங்களையும் விரலால் தடவாமல் இருப்பது நல்லது, விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டும்.

ஆன் செய்து தேதியையும் நேரத்தையும் சரி செய்தேன். கூடவே, எல்லா செட்டிங்கையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் 'ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' என்பதையும் தட்டிச் சேமித்தேன். ரீஸ்டார்ட். பயாஸ். தேதி மட்டும் சரியாக இருந்தது.

இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிஃபால்ட்ஸைத் தட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. முன்பு எது எப்படி இருந்தது என்பது இனி என் ஞாபகத்தில் மட்டும்தான், அது நம்பத் தகுந்தது இல்லை. ஒரு கோளாறைத் தேடும்போது நாமே நாலு விஷயத்தை மாற்றிவிட்டால், அப்புறம் எது நோய் எது மருந்து என்றே தெரியாமல் போகிறது.

அடுத்த சந்தேகம் கீபோர்டு மேல். டெலீட்டோ எஃப்2-ஓ உள்ளே சிக்கி அழுந்தியபடியே இருந்தால், ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் நாம் அழுத்தியது போலத்தான் மதர்போர்டு எடுத்துக்கொள்ளும். தேநீர் சிந்திய கீபோர்டுகளில் இது சகஜம். சோதனை ஒரு நிமிட வேலை: கீபோர்டையே பிடுங்கிவிட்டு ஆன் செய்தேன். அப்போதும் பயாஸ்தான் வந்தது. கீபோர்டு நிரபராதி.

பிறகு நான் செய்தவற்றைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஃபாஸ்ட் பூட்டை (மெஷினை வேகமாக எழுப்பும் செட்டிங்) அணைத்தேன், பிறகு போட்டேன். செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் எழ விடும் செட்டிங்) அணைத்தேன், போட்டேன். சிஎஸ்எம் என்று ஒன்று இருக்கும். பழைய பயாஸ் பாணியில் பூட் ஆகும் டிஸ்க்குகளுக்காக புதிய யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள், போட்டுக்கொள்ளும் பழைய வேஷம் அது. அதையும் மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ரீஸ்டார்ட், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அதே திரை. பூட்டுத் தெரியாமல் சாவிக்கொத்தில் இருக்கும் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கும் வேலை.

சிஎஸ்எம் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் சிலருக்கு அதுவே விடையாக இருக்கும். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் அதிலிருந்து பழைய பாணியில்தான் எழும், சிஎஸ்எம் வேண்டும். ஜிபிடி முறையில் பிரித்து யூஇஎஃப்ஐ பாணியில் இன்ஸ்டால் செய்திருந்தால் சிஎஸ்எம் தேவையே இல்லை. பேட்டரி செத்தோ, டிஃபால்ட்ஸ் தட்டியோ, ஃபர்ம்வேர் அப்டேட் செய்தோ இந்த ஒரு செட்டிங் புரண்டால், நன்றாக இருந்த எம்பிஆர் விண்டோஸ் மறுநாள் காலையில் பயாஸில் போய் நிற்கும். அவர்கள் சிஎஸ்எம்மைத் திரும்பப் போட்டால் போதும். நிரந்தரமாக ஜிபிடிக்கு மாற நினைத்தால் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. ஃபைல்களை அழிக்காமல் மாற்றும். பேக்கப் எடுத்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என்னுடையது ஜிபிடி, அதனால் இந்த வழி எனக்கு உதவவில்லை.

எஸ்எஸ்டி லூசாக இருக்குமோ என்று அதையும் கழற்றினேன். அது எம்.2 வகை, மதர்போர்டிலேயே சொருகும் நீளமான சின்ன அட்டை. நீளத்தின் கடைசியில் ஒரே ஒரு பொடி ஸ்க்ரூ. அதை எடுத்ததும் அட்டை சாய்வாகத் தானே எழுந்து நிற்கும். ஸ்க்ரூ என் விரலிலிருந்து நழுவி மதர்போர்டின் மேல் விழுந்து, கிராபிக்ஸ் கார்டின் அடியில் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. காந்த முனைத் திருப்புளியை வைத்துத் தேடி எடுக்க இருபது நிமிடம். இப்படி விழுந்ததை எடுக்காமல் ஆன் செய்வது, எரியும் வீட்டுக்கு நாமே தீப்பெட்டி கொடுப்பது மாதிரி. எஸ்எஸ்டியைத் திரும்பச் சொருகி, ஆன் செய்தேன். பயாஸ்.

அன்று மாலை தம்பி வந்தான். அவனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் கேம் விளையாடும் பெட்டி, அவ்வளவுதான். பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவன், திரையைக் காட்டிக் கேட்டான்:

"அண்ணா, டிஸ்க்கு பேருதான் இங்க தெரியுதே. அப்புறம் ஏன் அதுல போக மாட்டேங்குது?"

எனக்கு எரிச்சல் வந்தது. "தெரியுறது வேற, பூட் ஆகுறது வேற" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. காலையிலிருந்து அந்த இரண்டையும் ஒன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயாஸ் திரையில் டிஸ்க்குகளின் பெயர் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, ஸ்டோரேஜ் தகவல். எந்த சாட்டா போர்ட்டில் என்ன இருக்கிறது, எம்.2-வில் என்ன இருக்கிறது என்ற பட்டியல். டிஸ்க்குக்கு மின்சாரம் கிடைத்து, அது பதில் சொன்னால் இதில் பெயர் வந்துவிடும். உள்ளே ஒன்றுமே எழுதாத புது டிஸ்க்கும் இதில் வரும். மற்றொன்று, பூட் வரிசை. எதிலிருந்து எழ முடியும் என்று ஃபர்ம்வேர் நம்பும் இடங்களின் பட்டியல். யூஇஎஃப்ஐ மெஷினில் இந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு டிஸ்க்கைச் சுட்டுவதில்லை. ஒரு குறிப்பிட்ட டிஸ்க்கின், குறிப்பிட்ட பார்ட்டிஷனில் (டிஸ்க்கைப் பிரித்த பகுதியில்) இருக்கும், குறிப்பிட்ட ஒரு ஃபைலைச் சுட்டுகிறது. விண்டோஸுக்கு அந்த வரியின் பெயர் 'விண்டோஸ் பூட் மேனேஜர்'.

தம்பி கை காட்டியது முதல் பட்டியல். பூட் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். 'பூட் ஆப்ஷன் 1' என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை. விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற வரியே காணோம். எந்த டிஸ்க் பெயரும் இல்லை. பட்டியல் காலி! காலிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஃபர்ம்வேர் வேறு எங்கே போகும்? போக இடம் இல்லாததால் தன் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. செட்டப் திரை வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். காலையிலேயே இதைப் பார்த்திருக்கலாம். தேதியைப் பார்த்ததும் துள்ளிக் குதித்ததில் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

சரி, எஸ்எஸ்டியில் விண்டோஸ் இருக்கிறது, ஆனால் அந்த வரி ஏன் காணாமல் போனது? இங்கேதான் ஹார்ட் டிஸ்க் கதைக்குள் திரும்ப வருகிறது. யூஇஎஃப்ஐ மெஷினில் விண்டோஸ் எழுவதற்கு ஃபேட்32 ஃபார்மேட்டில் ஒரு சின்ன பார்ட்டிஷன் வேண்டும், இஎஸ்பி என்பார்கள். ஃபர்ம்வேருக்கு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பொதுவாகப் படிக்க வராது, ஃபேட் படிக்க வரும். அதனால் வாசலில் இந்தக் குட்டி அறையைக் கட்டி, விண்டோஸை எழுப்பும் ஃபைலை அதில் வைப்பது ஏற்பாடு. எக்ஸ்ப்ளோரரில் இது கண்ணில் படாது. புது டிஸ்க்கில் தனியாக இன்ஸ்டால் செய்தால் விண்டோஸே இதை உருவாக்கிக்கொள்ளும். ஏற்கனவே வேறொரு டிஸ்க்கில் இஎஸ்பி இருந்தால், புதிதாக ஒன்றைக் கட்டாமல் அதையே பயன்படுத்திக்கொள்வது உண்டு.

நான் எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டபோது ஹார்ட் டிஸ்க்கும் சொருகியபடி இருந்தது. அதில் பழைய விண்டோஸின் இஎஸ்பி இருந்தது. புது விண்டோஸ் எஸ்எஸ்டியில் குடியேறியது, ஆனால் வாசல் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்தது. இத்தனை நாளும் ஒவ்வொரு காலையும் மெஷின் ஹார்ட் டிஸ்க் வழியாக நுழைந்துதான் எஸ்எஸ்டிக்குப் போயிருக்கிறது. நான் கழற்றி எடுத்தது கிடங்கை இல்லை, வாசற்கதவை. அந்த டிஸ்க் காணாமல் போனதும், அதைச் சுட்டிய வரியையும் ஃபர்ம்வேர் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது.

உறுதி செய்துகொள்ள எளிய வழி பழைய டிஸ்க்கைத் திரும்பச் சொருகுவதுதான். சொருகினேன். 'டக்... டக்...' சத்தத்தோடு விண்டோஸ் எழுந்தது! தம்பி, "அவ்ளோதானா?" என்றான். சத்தம் போடும் டிஸ்க்கை நம்பி இருக்க முடியாதே. அணைத்து, மறுபடியும் கழற்றி வைத்தேன். எஸ்எஸ்டியிலேயே புது வாசல் கட்ட வேண்டும்.

தம்பியின் லேப்டாப்பில் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவ் ஒன்று தயார் செய்தோம். 8 ஜிபி போதும். அதைச் சொருகி பூட் மெனுவைத் திறந்தால் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை வந்தது, ஒன்றுக்கு முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருந்தது. அந்த முன்னொட்டு உள்ளதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கிளறிப்போட்ட சிஎஸ்எம்மால்தான் இரண்டு வரி. அதை அணைத்துவிட்டு வந்தால் குழப்பமே இல்லை. மொழி கேட்கும் முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்பு கமாண்ட் ஜன்னல் திறக்கும். 'இன்ஸ்டால்' பட்டனைத் தொடவே கூடாது. நமக்கு வேண்டியது அந்தக் கறுப்பு ஜன்னல் மட்டும்.

முதலில் டிஸ்க்பார்ட், டிஸ்க்கைப் பிரிக்கும் விண்டோஸ் கருவி. 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்ததும் இரண்டு வரி வந்தது: டிஸ்க் 0 எஸ்எஸ்டி, டிஸ்க் 1 பென்டிரைவ். எஸ்எஸ்டி வரியின் கடைசியில் ஜிபிடி என்ற பத்தியில் ஒரு நட்சத்திரக் குறி இருக்க வேண்டும், இருந்தது. டிஸ்க் 0-ஐ செலக்ட் செய்து 'லிஸ்ட் பார்ட்டிஷன்' கொடுத்தேன். 16 எம்பி அளவில் ஒரு ரிசர்வ்டு, 465 ஜிபியில் ஒரு பிரைமரி. அவ்வளவுதான். 'சிஸ்டம்' என்ற வகையில் ஒரு வரி இருந்திருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஒன்றரை நாள் தேடியது இந்த இல்லாமையைத்தான்.

இடம் உண்டாக்க, பிரைமரி பார்ட்டிஷனை செலக்ட் செய்து 'ஷ்ரிங்க்' கட்டளையால் கடைசியிலிருந்து 300 எம்பி சுருக்கினேன். வழக்கமாக 100 எம்பி போதும். 4கே செக்டர் உள்ள டிஸ்க்குகளுக்கு 260 எம்பியாவது வேண்டும் என்பதால், தாராளமாக 300. பிறகு 'கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ' என்ற கட்டளை. கடைசிச் சொல் முக்கியம். 'பிரைமரி' என்று போட்டுவிட்டால் அது சாதாரண பார்ட்டிஷனாகிவிடும், ஃபர்ம்வேர் அதைத் தன் வாசலாக ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, எஸ் என்ற எழுத்தைக் கொடுத்தேன். ஃபார்மேட் கட்டளையை அடிக்கும் முன் 'லிஸ்ட் பார்ட்டிஷன்' கொடுத்து, நட்சத்திரம் புது 300 எம்பி பார்ட்டிஷனுக்கு எதிரேதான் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். தப்பான இடத்தில் அந்தக் கட்டளை ஓடினால் வாசல் கட்டப் போய் வீட்டை இடித்த கதை ஆகிவிடும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டவர்களுக்கு இன்னொரு படி உண்டு: 48 இலக்க ரெகவரி கீ கையில் இல்லாமல் விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறக்கவே முடியாது. செக்யூர் பூட்டை என்னைப் போல மனம்போனபடி மாற்றினாலும் அது அந்தக் கீயைக் கேட்டு நிற்கும். என் மெஷினில் அது இல்லாதது அதிர்ஷ்டம்.

டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து பிசிடிபூட், பூட் ஃபைல்களை எழுதும் கட்டளை. விண்டோஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறது, பூட் ஃபைல்களை எங்கே வைக்க வேண்டும், எந்த பாணி என்று மூன்றையும் சொல்ல வேண்டும். சி டிரைவில் உள்ள விண்டோஸ், எஸ் டிரைவ், யூஇஎஃப்ஐ என்று அடித்தேன். பிழைச் செய்தி! மறுபடியும் அடித்தேன், மறுபடியும் பிழை. ஐந்து நிமிடம் விழித்த பிறகு சி டிரைவில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்துப் பார்த்தேன். அது பென்டிரைவ். இந்தச் சூழலில் எழுத்துகள் நாம் பழகிய வரிசையில் வருவதில்லை. என் விண்டோஸ் அப்போது டி-யில் இருந்தது. டி என்று மாற்றி அடித்ததும் பூட் ஃபைல்கள் உருவாகிவிட்டன என்று ஒற்றை வரி வந்தது. பென்டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

லோகோ. புள்ளிகள். லாகின் திரை. சத்தமே இல்லாமல்.

இத்தோடு விட்டிருக்கலாம், ஆனால் பயாஸுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தேன். பூட் வரிசையில் எஸ்எஸ்டியின் மாடல் பெயர் இருந்தது. விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற வரி அப்போதும் இல்லை. இதற்குக் காரணம் பிசிடிபூட்டின் ஒரு பழக்கம். 'இந்த டிரைவில் வை' என்று நாமே இடம் குறித்துக் கொடுத்தால், அது வேறு கம்ப்யூட்டருக்குப் போகிற டிஸ்க்காக இருக்கலாம் என்று எண்ணி, மதர்போர்டின் நினைவகத்தில் எதையும் எழுதாது. ஃபைல்களை மட்டும் வைத்துவிடும். கூடவே இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரில் பூட்எக்ஸ்64 என்ற பொதுப் பெயரில் ஒரு பிரதியையும் வைக்கும். தனக்கென்று குறிப்பு எதுவும் இல்லாத டிஸ்க்கில் ஃபர்ம்வேர் தேடிப் பார்க்கும் இயல்பான இடம் அது. என் மெஷின் அந்தப் பொதுப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறது. சில போர்டுகள் இதில் பிடிவாதம் பிடிக்கும். முறையான வரி இருப்பதே நல்லது. விண்டோஸுக்குள் போய், அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் ஜன்னலைத் திறந்து, இந்த முறை இடம் எதுவும் குறிப்பிடாமல் சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரை மட்டும் சொல்லி பிசிடிபூட்டை ஓட்டினேன். அடுத்த ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் பூட் மேனேஜர், பக்கத்தில் எஸ்எஸ்டியின் பெயரோடு, முதல் வரியில் வந்து உட்கார்ந்தது.

இதே அறிகுறியோடு வேறு மாதிரி மாட்டியவர்களுக்கும் அந்த இரண்டு பட்டியல்களே வழி காட்டும். ஸ்டோரேஜ் பட்டியலிலேயே டிஸ்க் இல்லை என்றால் பென்டிரைவ், கட்டளை எதுவும் வேண்டாம்; கேபிள், ஸ்லாட், டிஸ்க் செத்ததா என்று கையால் பார்க்கும் வேலைதான். சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் குறிப்பிட்ட சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்ளும், ஒன்றில் சொருகினால் மற்றது தூங்கிவிடும், கையேட்டில் போட்டிருப்பார்கள். இரண்டு பட்டியலிலும் டிஸ்க் ஒழுங்காக இருந்தும் செட்டப்புக்கே வருகிறதென்றால் கீபோர்டு, பேட்டரி, அல்லது சிபியு ஃபேன் சுற்றாததால் வரும் எச்சரிக்கை. ஃபேன் வயரைத் தவறான பின்னில் சொருகிவிட்டாலும் அது வரும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் லைவ் பென்டிரைவில் எழுந்து எஃபிபூட்எம்ஜிஆர் கட்டளையை ஓட்டினால் பூட் வரிசை அப்படியே திரையில் வரும். எந்த வரி எந்த பார்ட்டிஷனைச் சுட்டுகிறது என்பதையும் அதிலேயே பார்க்கலாம்.

மறுநாள் அந்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டுச் சொருகினேன். டிஸ்க்பார்ட்டில் அதன் முதல் பார்ட்டிஷனுக்கு ஒரு எழுத்துக் கொடுத்து, கமாண்ட் ஜன்னலில் உள்ளே போனேன். 100 எம்பி அறை, பாதிகூட நிறையவில்லை. இஎஃப்ஐ, அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் பூட், அதற்குள் மற்ற ஃபைல்களுக்கு நடுவே விண்டோஸை எழுப்பும் பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ என்ற ஃபைல். 'டக்' என்றது டிஸ்க். தம்பி கேட்டான், "இதுக்குத்தானா அண்ணா ரெண்டு நாளு?" ஆமாம் என்றேன். பெட்டியைக் கழற்றினேன்.